நெறி கட்டும் முன்னே

காலில் முள் குத்திப் பழுத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். சுரண்டைப் பக்கம் வயலில் இறங்கிப் பழகியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதத்தின் நிணநீர் பெரும்பாலும் முதலில் போய்ச் சேருவது அந்த இடுக்கில் இருக்கும் கணுக்களுக்குத்தான். மெலனோமா என்கிற தோல் புற்றுநோயும் பல நேரம் அதே பாதையில்தான் கிளம்புகிறது. என்ன, ஆரம்பத்தில் வலிக்காது.

அது வெயிலில் காயும் வெள்ளைக்காரர்களின் நோய், நமக்கென்ன என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நம்மிடம் அபூர்வம் என்பது உண்மை. ஆனால் வந்தால் வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருகிறது. (பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் பெருவிரலில்தான் கண்டுபிடித்தார்கள். 1981-ல் இறந்தபோது வயது 36.) நம்மூரில் அதைக் கால் ஆணி என்று நினைத்து எருக்கம்பால் வைத்துக்கொண்டிருப்போம்.

கட்டி இருந்த இடத்தில் சாயமோ கதிரியக்க மருந்தோ ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் கணுவை மட்டும் எடுத்துப் பார்ப்பதுதான் காவல் கணு பயாப்சி. டொனால்ட் மார்ட்டன் குழுவினர் 1992-ல் வெளியிட்ட முறை. அவர்களே நடத்திய பெரிய ஆய்வின் இறுதி முடிவு 2014-ல் வந்தது. பயாப்சி செய்துகொண்டவர்கள் மொத்தத்தில் கூடுதல் காலம் வாழவில்லை. "அப்புறம் எதற்கு வீண் செலவு?" என்று கேட்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள்.

எனக்கு இந்த வாதம் ஒப்பவில்லை. அதே ஆய்வில், நடுத்தரத் தடிமன் கட்டி உள்ளவர்களில் கணு சுத்தமாக இருந்தவர்களில் 85 சதவீதம் பேர் 10 ஆண்டுகளில் மெலனோமாவுக்குப் பலியாகவில்லை. கணுவில் நோய் இருந்தவர்களில் அது 62 சதவீதம்தான். இந்த வித்தியாசம் ஸ்கேனில் தெரியாது, கையால் தடவிப் பார்த்தாலும் தெரியாது. அந்த ஆய்வில் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர்தான், நம் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் கணுவில் நோய் ஏறியிருந்தால் ஆபத்து அதிகம் என்பது நமக்கும் மாறாது.

இன்னொன்று. முன்பெல்லாம் காவல் கணுவில் நோய் இருந்தால் இடுக்கில் உள்ள எல்லாக் கணுக்களையும் வழித்து எடுத்தார்கள். 2017-ல் வந்த அடுத்த ஆய்வு, அதனால் ஆயுள் கூடவில்லை என்றது. வழித்தவர்களில் 24 சதவீதம் பேருக்குக் கை கால் வீக்கம், ஸ்கேன் மூலம் கண்காணித்தவர்களில் 6 சதவீதம். வயல் வேலை செய்கிறவருக்கு யானைக்கால் மாதிரி கால் வீங்கினால் பிழைப்பே போச்சு. ஆக, பயாப்சி வேண்டும், வழிப்பது பெரும்பாலும் வேண்டாம் என்பதே என் கட்சி.

இப்போது பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் நோய் திரும்புவதைக் குறைக்கின்றன. ஓராண்டுக்குப் பல லட்சம் ஆகும். பாத மெலனோமாவில் அவை அவ்வளவாக எடுபடுவதும் இல்லை. நிலத்தை விற்று அந்த ஊசி போடுவதா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் காத்திருப்பதா? கணுவின் முடிவு கையில் இல்லாமல் இதை எப்படி யோசிப்பது? அந்த முடிவையும் "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று மகன்கள் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். விற்கப்போவது அப்பாவின் நிலம்!

யாருக்காவது மெலனோமா என்று ரிப்போர்ட் வந்தால் அதில் பிரெஸ்லோ தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். 1-க்கு மேல் இருந்தால் காவல் கணு பயாப்சி பற்றிக் கேளுங்கள். 0.8-ஐத் தாண்டியிருந்தாலும் கேட்கலாம். அகலமாக வெட்டி எடுக்கும் அறுவைக்கு முன்பே கேட்க வேண்டும். வெட்டிய பிறகு நிணநீர்ப் பாதை கலைந்துபோய், எது முதல் கணு என்று கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும்.