ஒரு கார் இடத்துல ரெண்டு கார்... வீட்டுக்கு லிஃப்ட் போடப் போறீங்களா? முதல்ல டேப்பை எடுங்க!

புது கார் வாங்கும்போது லோன், மைலேஜ், கலர் எல்லாம் பார்ப்பீங்க. இனி 'எங்கே நிறுத்தப் போறீங்க?' என்ற கேள்விக்கும் பதில் வெச்சிருக்கணும் போல. சென்னைக்கான பார்க்கிங் கொள்கையைத் தயாரித்த கும்டா, கார் பதிவுக்கு பார்க்கிங் இடச் சான்று கேட்கும் யோசனையை முன்வைத்திருக்கிறது. 2025 மே மாதம் மகாராஷ்டிரா போக்குவரத்து அமைச்சர் பிரதாப் சர்நாயக்கும் இதையே பேசினார். ஜப்பானில் இதற்கு 1962-லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே வீட்டிலிருந்து 2 கி.மீ தூரத்துக்குள் இடம் இருக்குன்னு காட்டினால்தான் கார் உங்க பேருக்கு வரும்.

நம்ம ஊர்ல அரை கிரவுண்டு வீட்டில் ஒரு காருக்கே இடம் இழுபறி. அப்பாவுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணுன்னு ரெண்டாவது கார் வரும்போது பலரும் தேடுவது, ஒரு காரை மேலே தூக்கி அடியில் இன்னொன்றை நிறுத்தும் 'ஸ்டாக் பார்க்கிங்' லிஃப்டைத்தான். நல்ல யோசனைதான். ஆனா விலையை விசாரிக்கும் முன்னாடி பார்க்கவேண்டிய விஷயங்கள் சில இருக்கு.

உயரம் இருக்கா?

ஸ்விஃப்ட்டின் உயரம் சுமார் 1.53 மீட்டர். க்ரெட்டா 1.63 மீட்டர். ரெண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 3.16 மீட்டர். தூக்கும் தட்டின் கனம், மேலேயும் கீழேயும் கொஞ்சம் இடைவெளி என 30 சென்டிமீட்டராவது சேர்த்தால் 11 அடியைத் தாண்டிவிடும். நம்ம ஸ்டில்ட் பார்க்கிங்ல பீமுக்குக் கீழே பல இடங்கள்ல 8, 9 அடிதான் கிடைக்கும். அளக்கும்போது சீலிங்கை அளக்காதீங்க. பீம், கழிவுநீர்க் குழாய், லைட் இதுல எது தாழ்வா இருக்கோ அதுதான் உங்க உயரம்.

மேல் காரைச் சாய்த்து நிறுத்தும் மாடல்களும் உண்டு. செடான், ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்களுக்கு அது கொஞ்சம் உயரத்தை மிச்சப்படுத்தும். ஆனா 8 அடி ஸ்டில்ட்டுக்கு அதுவும் கஷ்டம், எஸ்.யூ.வி-க்குச் சுத்தமா ஆகாது. அதனால, மேலே கூரை இல்லாத முன்வாசல் உள்ள தனி வீடுகளுக்குத்தான் லிஃப்ட் இயல்பாகப் பொருந்தும்.

அகலத்தையும் மறக்காதீங்க. தமிழ்நாட்டுக் கட்டட விதிகள்படி ஒரு கார் இடம் என்பது 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். லிஃப்ட்டின் தூண்கள் இந்த அகலத்திலிருந்துதான் இடத்தைப் பிடிக்கும். கதவைத் திறந்து இறங்க முடியுதான்னு பார்த்துக்கோங்க.

தரைக்கு அடியில் என்ன இருக்கு?

சென்னையில் பல வீடுகளில் தண்ணீர் சம்ப் இருப்பதே கார் நிறுத்துற இடத்துக்கு அடியிலதான். மழைநீர் சேகரிப்புக் குழியும் பக்கத்துலயே இருக்கும். தூண் நிற்கும் இடம் அதன்மேல் வந்தால் ஆபத்து. மணல்மேல் பதித்த பேவர் பிளாக் தரையும் உதவாது. நல்ல கனமான கான்கிரீட் வேண்டும். இரண்டு தூண் லிஃப்ட்டில் எடை முழுக்க இரண்டே இடத்தில், ஆங்கர் போல்ட்டை நம்பி இறங்கும். நான்கு தூண் என்றால் எடை பிரியும், ஆனா இடம் கூடுதலாகப் பிடிக்கும். லிஃப்ட் விற்பவர் 'எல்லாம் தாங்கும் சார்' என்று சொல்வது போதாது. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் காட்டிடுங்க.

இன்னொண்ணு... மெக்கானிக் ஷெட்டில் கார் அடியைப் பார்க்கத் தூக்கும் லிஃப்ட் வேறு, இது வேறு. அதில் கார் கைகளின்மேல் தொங்கும். நமக்குத் தேவை, சக்கரம் நாலும் தட்டில் உட்காரும் பார்க்கிங் லிஃப்ட். செகண்ட்ஹேண்டுல சர்வீஸ் லிஃப்ட் மலிவா வருதுன்னு வாங்கிடாதீங்க.

குழி வேணுமா?

உயரம் பத்தாதவர்களுக்குப் பள்ளம் தோண்டி, கீழ் காரை அதில் இறக்கும் மாடலைச் சிலர் சொல்வாங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்ததை நீங்க ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. அடுத்த வருஷம் அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டின. தண்ணி தேங்கும் ஏரியாவில் குழி வேண்டவே வேண்டாம். பம்ப் போட்டாலும், வெள்ளத்தன்னிக்கு கரன்ட் இருக்காது.

தரைக்கு மேல் நிற்கும் லிஃப்ட்டில் குறைந்தது ஒரு காராவது தப்பிக்கும். மோட்டாரையும் கன்ட்ரோல் பெட்டியையும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்க.

பாதுகாப்பில் பேரம் கிடையாது

மேலே நிற்கும் காரை ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் மட்டும் தாங்கக் கூடாது. இரும்புப் பூட்டு விழுந்து பிடிக்கணும். டெமோவில் அந்தப் பூட்டு விழுவதைக் கண்ணால் பாருங்க. கரன்ட் போனால் கையால் இறக்கும் வழி, அவசர நிறுத்த பட்டன், சாவி போட்டால்தான் இயங்கும் சுவிட்ச் மூணும் கட்டாயம். குழந்தைகள் ஓடி விளையாடும் வாசல் அது.

பொதுவாக 2 முதல் 2.7 டன் வரை தாங்கும் லிஃப்ட்கள் கிடைக்கின்றன. எலெக்ட்ரிக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால் எடையைக் கூட்டிக் கணக்குப் போடுங்க. பேட்டரியால் அது அதே சைஸ் பெட்ரோல் காரைவிட கனமா இருக்கும். கடலோர ஏரியாவா? கால்வனைஸ் செய்த இரும்பு கேளுங்க. மேல் காரின் ஆயிலும் மழைத் தண்ணியும் கீழ் காரில் சொட்டாமல் இருக்கத் தட்டு முழுசா மூடியிருக்கணும். ஏ.எம்.சி-யை விலை பேசும்போதே எழுதி வாங்கிடுங்க.

மேலே யாரு?

கடைசியா, எந்த பிரோஷரும் சொல்லாத விஷயம். மேல் கார் இறங்கணும்னா கீழ் கார் வெளியே போகணும். காலை 7 மணிக்கு ஷிஃப்ட்டுக்குக் கிளம்புறவர் கார் மேலே இருந்தால், தினமும் யாரோ ஒருவரின் தூக்கம் போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் காரை மேலே ஏத்துங்க. ரெண்டு சாவியும் ஒரே வீட்டில் இருந்தால் பிரச்னையில்லை. ஹவுஸ் ஓனருக்கும் வாடகைதாரருக்கும் பொதுவா ஒரு லிஃப்ட் என்றால், சண்டையையும் சேர்த்து வாங்குறீங்க.

அப்பார்ட்மென்ட்வாசிகளுக்கு இன்னொரு சிக்கல். ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனி கராஜாக பில்டர் விற்க முடியாது, அது பொது இடம்தான் என்று 2010-ல் ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கே தூண் நட சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதி வாங்கிடுங்க.

இடச் சான்று விதி நடைமுறைக்கு வந்தால் லிஃப்ட் விற்பனை சூடுபிடிக்கும். 'சான்றுக்கு ஒரு லிஃப்ட்' என்று போட்டுவிட்டு, சோம்பல்பட்டு ரெண்டாவது காரைத் தெருவிலேயே விடுவதும் நடக்கும். அப்படி நடந்தால் தெரு கொஞ்சம்கூட காலியாகாது. அதனால விதி எழுதுறவங்களும் மேல்தட்டு இடத்தை எப்போது தனி இடமாகக் கணக்கில் எடுப்பது என்பதைத் தெளிவாக எழுதணும்.

நீங்க செய்ய வேண்டியது சிம்பிள். பீம் உயரம், தூண்களுக்கு நடுவே அகலம், சம்ப் இருக்கும் இடம், ரெண்டு கார்களின் உயரம், எடை. இந்த அஞ்சையும் ஒரு பேப்பரில் எழுதிட்டு, அப்புறம் கடைக்குப் போன் பண்ணுங்க. கணக்கு உதைச்சா, ரெண்டாவது கார் தேவைதானான்னு வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்க. அதுக்குச் செலவு எதுவும் இல்லை!