தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்! அதற்கப்புறம்?

ரோட்டில் அடிபட்டு, மண்டை உடைந்து, ஆபரேஷன் முடிந்து, உயிரோடு வீடு திரும்புகிறவனைப் பார்த்து "தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்" என்கிறார்கள். பெண்டாட்டி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறாள். சொந்தக்காரர்கள் ஆப்பிள் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். டாக்டர் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு அலமாரிக்குள் போய் விடுகிறது.

கதை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

முடியவில்லை. அங்கேதான் ஆரம்பிக்கிறது!

அடிபட்டவனின் உயிரைக் காப்பாற்ற இன்றைக்கு எவ்வளவோ ஏற்பாடு வந்து விட்டது. காப்பாற்றிய ஆளைப் பழையபடி பிழைக்க வைப்பதற்கு அந்த அளவு ஏற்பாடு இல்லை. கவலைப்பட வேண்டிய விஷயம் இதுதான்.

அன்றும் இன்றும்

இந்தியாவிலேயே முதன்முதலாக மூளை ஆபரேஷனுக்கு என்று தனிப் பிரிவு தொடங்கிய இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. வருஷம் 1949. தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. அடுத்த வருஷமே, 1950-ல், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தி அந்த வேலையை ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வழி கிடையாது. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். ரத்தம் எங்கே கட்டி இருக்கிறது என்பதை டாக்டரின் அனுபவம்தான் சொல்ல வேண்டும். 1971-ல்தான் லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை 'ஸ்கேன்' எடுத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு ஜில்லா தலைமை ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேன் மெஷின் இருக்கிறது.

2008-ல் தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தது. அடிபட்டவனைத் தூக்கினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டுமே என்ற பயத்துக்கும் முடிவு கட்டினார்கள். உதவிக்கு வருகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விதிகளுக்கு 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு ஏறி விட்டது.

2021 டிசம்பர் 18-ந் தேதி மேல்மருவத்தூரில் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" என்ற திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்து ஆளாக இருந்தாலும் சரி, கையில் பணம் இல்லாவிட்டாலும் சரி.

அருமையான திட்டம். பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் 49-வது மணி நேரம் என்று ஒன்று வருகிறதே! அதற்கப்புறம் 48 வாரம் வருகிறதே! அப்போது யார் கூட இருக்கிறார்கள்?

இறந்தவருக்குக் கணக்கு உண்டு

2022-ல் இந்திய ரோடுகளில் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஹெல்மெட் போடாமல் போய் உயிரை விட்டவர்கள் மட்டும் 50,029 பேர். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு! 64,105 விபத்துகள். இதெல்லாம் மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்கு.

'பலத்த காயம்' என்றும் அதில் ஒரு கட்டம் உண்டு. கால் எலும்பு முறிந்தவரும் அதற்குள்தான் வருகிறார். மூளையில் அடிபட்டு மகளின் பெயரையே மறந்தவரும் அதற்குள்தான் வருகிறார். ஆறு மாதம் கழித்து யார் வேலைக்குப் போனார், யார் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அந்தக் கட்டம் சொல்லாது.

கணக்கில் வராத ஆளுக்குப் பட்ஜெட்டில் பணம் எப்படி வரும்?

எழுந்து நின்றவர் சாய்ந்தார்

தலைக் காயம் மற்றக் காயம் மாதிரி இல்லை. ஏமாற்றும்!

வண்டியிலிருந்து விழுந்தவர் எழுந்து நிற்கிறார். தூசியைத் தட்டுகிறார். "ஒண்ணும் ஆகலே சார், நீங்க போங்க" என்கிறார். டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார். ரெண்டு மூணு மணி நேரத்தில் பேச்சு மூச்சில்லை.

நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு விரிந்தால், அதன் அடியில் ஓடும் ரத்தக் குழாய் கிழிந்து விடுவது உண்டு. மண்டையோடு மூடிய பெட்டி. கசியும் ரத்தம் வெளியே போக வழியில்லாமல் மூளையை அமுக்குகிறது. நேரத்தோடு கொண்டு போனால் எலும்பைத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்து விடுவார்கள். பிழைத்துக் கொள்வார்.

வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப எழுப்பத் தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுவது, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது - இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "காலையில பார்த்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது.

வயதானவர்களுக்கு இன்னொரு விதம். பாத்ரூமில் வழுக்கி லேசாகத் தலையை இடித்துக் கொள்கிறார். வீக்கம்கூட இல்லை. மூணு வாரம் கழித்து நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. "தாத்தாவுக்கு வயசாச்சு" என்று விட்டு விடுகிறார்கள். உள்ளே மெல்ல மெல்ல ரத்தம் சேர்ந்திருக்கும். மண்டையில் சின்னத் துளை போட்டு அதை வடித்து எடுத்தால் தாத்தா பழையபடி பேப்பர் படிக்க உட்கார்ந்து விடுவதும் உண்டு.

மண்டையோடு வயிற்றில்!

அடி பலமாக இருந்தால் மூளை வீங்கும். வீங்குவதற்கு இடம் வேண்டும். அதற்காக மண்டையோட்டில் ஒரு பகுதியையே டாக்டர்கள் எடுத்து விடுகிறார்கள்.

எடுத்த எலும்பு எங்கே போகிறது? பல ஆஸ்பத்திரிகளில் அதை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்து விடுகிறார்கள். அங்கே அது பத்திரமாக இருக்கும். வீக்கம் வடிந்த பிறகு, சில வாரமோ சில மாதமோ கழித்து, எடுத்துத் திரும்ப மண்டையில் பொருத்துகிறார்கள்.

அதுவரைக்கும் தலையில் ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும். மேலே தோல்தான், எலும்பு இல்லை. அந்த நிலையில் ஆள் மறுபடி விழக் கூடாது. இதெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா? டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித்தான் இருக்கிறது. பெரும்பாலும் இங்கிலீஷில்!

வந்தது வேறு ஆள்

கை கால் சரியாகி விட்டது. தையல் பிரித்தாகி விட்டது. ஆனால் வீட்டுக்கு வந்தவர் பழைய ஆள் இல்லை.

சாதுவாக இருந்தவர் தட்டைத் தூக்கி எறிகிறார். குழந்தை அழுதால் காதைப் பொத்திக் கொள்கிறார். காலையில் சொன்னது மத்தியானம் ஞாபகம் இல்லை. கூட்டல் கணக்கு தடுமாறுகிறது. சாம்பார் வாசனை தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேசினாலே களைத்துப் போகிறார். சும்மாவே உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "சோம்பேறி ஆயிட்டாரு." "திமிரு புடிச்சிடுச்சு." பக்கத்து வீட்டம்மா, "காத்து கருப்பு அடிச்சிருக்கும், கோடாங்கியைக் கூப்பிடு" என்கிறாள்.

சோம்பேறித்தனமும் இல்லை, காற்றும் இல்லை, கருப்பும் இல்லை. கோபத்தை அடக்குவதும், ஒரு காரியத்தைத் தொடங்குவதும் மூளையின் முன்பகுதி பார்க்கிற வேலை. அங்கே அடிபட்டால் கடிவாளம் அறுந்து விடும்.

இது டாக்டர்களுக்கு ரொம்ப காலமாகத் தெரிந்த விஷயம். 1848-ல் அமெரிக்காவில் வெர்மான்ட் என்ற இடத்தில் பினியஸ் கேஜ் என்ற ரயில்பாதை மேஸ்திரி பாறைக்கு வெடி வைத்தார். வெடித்த வேகத்தில் ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி அவர் கன்னத்தில் பாய்ந்து உச்சி மண்டை வழியாக வெளியே வந்தது. ஆள் பிழைத்து விட்டார்! ஆனால் குணம் மாறி விட்டது. பழைய வேலையைக் கம்பெனி கொடுக்கவில்லை.

பிற்பாடு அதே கேஜ் சிலி நாட்டில் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். தினமும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே வேலை. அந்த ஒழுங்குதான் அவரைத் தேற்றியிருக்க வேண்டும் என்கிறார்கள், அந்தக் கேஸை ஆராய்ந்தவர்கள்.

அவர் விழுந்தாலும் எழுந்து கொள்ளக் கையில் ஒரு வேலை இருந்தது. நம்ம ஊர் ஆளுக்கு?

பயிற்சிதான் மருந்து

செத்த மூளைப் பகுதி திரும்பி முளைப்பது இல்லை. ஆனால் பழகப் பழக மற்றப் பகுதிகள் அந்த வேலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கை கொடுக்கும். கை காலுக்குப் பிசியோதெரபி. பேச்சுக்குப் பேச்சுப் பயிற்சி. சட்டைப் பித்தான் போடுவது, சில்லறை எண்ணுவது, பஸ் ஏறுவது எல்லாவற்றுக்கும் பயிற்சி உண்டு. முதல் ஆறு மாதத்தில் தேறுவது வேகமாக இருக்கும். அப்புறமும் வருஷக்கணக்கில் தேறிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆறு மாதத்தைக் கட்டிலில் படுக்க வைத்தே கழித்தால் போனது போனதுதான்.

மாத்திரை விஷயம் முக்கியம். "ஒரு மாசமா வலிப்பு வரலே, எதுக்கு மாத்திரை?" என்று தாங்களாக நிறுத்துகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் வலிப்பு வந்து விழுகிறார்கள். நிறுத்துவதா வேண்டாமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாராயத்தைத் தொடவே கூடாது. டாக்டர் சரி என்கிற வரைக்கும் வண்டிச் சாவியைக் கையில் கொடுக்கக் கூடாது.

இத்தனையும் யார் பார்ப்பது? பெண்டாட்டி அல்லது அம்மா. அவளே வேலைக்கும் போக வேண்டும். அவளே பிசியோதெரபிக்கும் கூட்டிப் போக வேண்டும். கழுத்தில் இருந்த நகை அடகுக் கடையில். அவளுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லக்கூட ஆள் இல்லை.

முதலாளிகள் கவனிக்க

வேலையில் இருக்கும்போது உடல் குறைபாடு வந்தால் சர்க்கார் ஊழியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியையும் குறைக்கக் கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

கடையில், கம்பெனியில் வேலை பார்க்கிறவர் கதி? முதலாளி மனசு வைத்தால் உண்டு. கல்லாவில் உட்கார முடியாதவர் சரக்கு அடுக்கலாம். முழு நாள் முடியாதவர் அரை நாள் வரலாம். எழுதிக் கொடுத்தால் மறக்காமல் செய்வார். பத்து வருஷம் உழைத்த ஆளுக்கு ஆறு மாதம் பொறுப்பது பெரிய தர்மம் இல்லை, நியாயம்!

நஷ்ட ஈட்டுக் கேஸ் போடுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடம்பில் இத்தனை சதவீதம் குறை என்பதும், சம்பாத்தியத்தில் இத்தனை நஷ்டம் என்பதும் ஒன்றல்ல, அவரவர் தொழிலைப் பார்க்க வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகத் தீர்ப்பு சொல்லி இருக்கிறது. கணக்கு மறந்த கேஷியருக்குக் கையும் காலும் நன்றாக இருந்து என்ன பிரயோஜனம்? ஞாபக மறதிக்கும் டாக்டரிடம் சோதனை உண்டு. அந்தச் சர்ட்டிபிகேட்டையும் கோர்ட்டில் வைக்க வேண்டும்.

சர்க்கார் செய்ய வேண்டியது

டாக்டர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஒரு படுக்கை காலியாகும் முன்பே அடுத்த ஆள் வராந்தாவில் கிடக்கிறான். அனுப்பித்தான் ஆக வேண்டும்.

சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் மத்திய சர்க்காரின் நிலையம் இருக்கிறது. திருநெல்வேலிக்காரர் வாரா வாரம் முட்டுக்காட்டுக்கு வர முடியுமா? 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே போய்ப் பிசியோதெரபி கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த வழி நல்ல வழி. தலையில் அடிபட்டவர்களையும் பேர் பேராக அந்த லிஸ்டில் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு ஜில்லா தலைமை ஆஸ்பத்திரியிலும் வாரத்தில் ஒரு நாள் இவர்களுக்கென்றே ஒதுக்கட்டும். புதுக் கட்டிடம் வேண்டாம், படுக்கையும் வேண்டாம். ஒரு ரூம், ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு பேச்சுப் பயிற்சியாளர், வீட்டுக்காரர்களிடம் உட்கார்ந்து பேச ஒரு மனநல ஆலோசகர் போதும்.

அதற்கும் முன்னால், காசு செலவே இல்லாத காரியம் ஒன்று இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டோடு தமிழில் இன்னொரு தாள். கோபம் வரும், மறதி வரும், அது நோய், திமிர் இல்லை. இந்த மாத்திரையை நிறுத்தாதே. இன்ன தேதியில் இன்ன இடத்துக்குப் பயிற்சிக்கு வா. எலும்பு வைக்க இன்ன மாதம் வா. இப்படிப் பத்து வரி அச்சடித்துக் கொடுத்தால் போதும்.

அதற்கு எந்த மந்திரியும் ரிப்பன் வெட்ட வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே ஆரம்பிக்கலாம்!