பள்ளிக் கழிப்பறையில் நெடி வேண்டாம்: ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்காக எங்கள் நிலைப்பாடு

ஆஸ்துமா உள்ள ஒரு குழந்தை, மூச்சுத் திணறுமோ என்று பயந்து கழிப்பறைக்குப் போகாமல் இருக்கும் நிலை தமிழ்நாட்டின் எந்தப் பள்ளியிலும் இருக்கக் கூடாது. பெற்றோர், ஆசிரியர், குழந்தைநல மருத்துவர் அடங்கிய எங்கள் அமைப்பின் உறுதியான நிலைப்பாடு இது. இதற்காகச் சுத்தத்தைக் குறைக்க வேண்டியதில்லை. சுத்தம் செய்யும் முறையை மாற்ற வேண்டும்.

ஏன் கழிப்பறை?

ஆஸ்துமா என்றால் தூசியும் புகையும் பனியும் உடனே நினைவுக்கு வருகின்றன. கழிப்பறை வருவதில்லை. ஆனால் பல பள்ளிகளில் நடப்பதைப் பாருங்கள். காலை வழிபாடு முடிந்ததும் கழிப்பறைத் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள். மஞ்சள் கறை போகவில்லை என்றால் அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றுகிறார்கள். இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. சிறுநீர் தேங்கிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரமைன் உண்டாகிறது. இரண்டுமே மூச்சுக்குழாயை எரித்துச் சுருக்குபவை. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் அந்த நெடிக்குள்தான் ஓடுகிறார்கள்.

நாற்றத்தை மறைக்கப் போடும் பாச்சா உருண்டையும் வாசனை வில்லையும் தொல்லையைக் கூட்டுகின்றன. அந்த உருண்டைகளில் உள்ள நாஃப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கக் கூடியது. போதாக்குறைக்கு, ஒழுகும் குழாயால் ஈரம் காயாத சுவரில் பூஞ்சை படர்கிறது. சாக்கடை வாயிலில் கரப்பான் பெருகுகிறது. பூஞ்சைத் துகளும் கரப்பான் எச்சமும் இளைப்பைத் தூண்டுபவை.

கழிப்பறைக்குப் பயந்த குழந்தை தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறது, சிறுநீரை அடக்குகிறது. அது சிறுநீர்த் தொற்றில் போய் முடியலாம். பெண் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். தினமும் அந்த நெடியில் நின்று வேலை செய்யும் தூய்மைப் பணியாளருக்கே புதிதாக ஆஸ்துமா வரலாம் என்பதையும் மறக்க முடியாது.

நாங்கள் கோருபவை

1. முதலில் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் கொட்டும் பிளீச்சிங் பவுடர் தன் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. கிருமிநாசினி தேவைப்படும் இடத்தில் மட்டும், உறையில் சொன்ன அளவில் கரைத்துப் பயன்படுத்த வேண்டும்.
2. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. கழிப்பறைச் சுத்தத்துக்கு ஆசிட் வாங்குவதையே பள்ளிகள் நிறுத்த வேண்டும்.
3. முழுமையான சுத்தம் பள்ளி விட்ட பிறகு நடக்கட்டும். இரவில் காற்றோடித் தரை காயும். பகலில் தண்ணீரும் துடைப்பமும் போதும்.
4. பாச்சா உருண்டை, வாசனை வில்லை, ஸ்பிரே எதுவும் வேண்டாம். நாற்றம் அடித்தால் அடைப்பையோ தண்ணீர்த் தட்டுப்பாட்டையோ சரிசெய்ய வேண்டும்.
5. அடைத்துக் கிடக்கும் வென்டிலேட்டர்களைத் திறக்க வேண்டும். குழாய்க் கசிவை அன்றன்றே நிறுத்த வேண்டும். கரப்பானுக்கு மருந்து அடிப்பதை விட்டு, ஓட்டைகளை அடைத்து ஜெல் வைக்க வேண்டும்.
6. தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் முறையான பயிற்சியும் நியாயமான கூலியும் தர வேண்டும்.
7. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலரை அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது. அது பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

யார் செய்வது?

ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தருவதும் அதே சட்டம்தான். கழிப்பறை கட்டியதோடு கடமை முடிவதில்லை. உள்ளே மூச்சு விட முடிய வேண்டும். அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவும், தனியார் பள்ளிகளில் நிர்வாகமும் இந்த ஏழு கோரிக்கைகளையும் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். சோப்பு, துடைப்பம், குழாய்ப் பழுதுக்கான பணத்தையும் தூய்மைப் பணியாளர் கூலியையும் பள்ளிக் கல்வித் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் தாமதமின்றித் தர வேண்டும். பெற்றோர் ஒவ்வொருவரும் ஒருமுறை பள்ளிக் கழிப்பறைக்குள் நேரில் சென்று பார்த்து, குழுவிடம் கேள்வி கேட்க வேண்டும் என்று அழைக்கிறோம். அந்தக் கேள்வியில் நாங்களும் உடன் நிற்போம்.