கேளாத பரிகாரம் கிட்டாது

வழக்கென்றாலே நட்டஈடு என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். நட்டஈடு ஒரு பரிகாரம் மட்டுமே. வேலியை நகர்த்தும் அயலவனை நிறுத்தத் தடையுத்தரவு உண்டு. பறிபோன காணியை மீட்கக் கட்டளை உண்டு. உரிமை இன்னதென நீதிமன்றமே உரைக்கும் பிரகடனமும் உண்டு.

பிரகடனத்தின் பெறுமதியைக் கோடீஸ்வரன் வழக்கிலே கண்டோம். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையை முன்னிட்டு 1962 இல் அவ்வரசாங்க எழுதுவினைஞரின் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் பணத்தை மட்டும் கேட்டாரல்லர். அதற்கு ஏதுவான சுற்றறிக்கை சட்டத்துக்கு மாறானதெனப் பிரகடனஞ் செய்யுமாறும் கேட்டார். அதனாலன்றோ ஓர் ஊழியரின் சம்பள வழக்கு ஓர் இனத்தின் மொழி வழக்காயிற்று!

1964 இல் மாவட்ட நீதிமன்றம் தனிச் சிங்களச் சட்டமே செல்லாதெனத் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றமோ, அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக வழக்கிட முடியாதென்று அத்தீர்ப்பைத் தள்ளியது. முடியும் என்று 1969 இல் பிரிவிக் கவுன்சில் கூறி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியது. அவ்வினாவுக்கு விடை வருமுன் 1972 இல் அரசியலமைப்பே மாற்றப்பட்டது.

விடை கிட்டவில்லை, ஆயினும் வினா ஏடேறி நிற்கின்றது. வழக்குரையிற் கேளாததை நீதிமன்றம் தானாகத் தராது. ஆதலின், கையொப்பமிடுமுன் நாம் கேட்பது காசையா, உரிமையையா என்று தெளிவோமாக.