வாகைக்குளத்தில் நின்றவர்கள்

பழைய விமான நிலையங்களின் படங்களைத் தேடிச் சேர்ப்பதையும் ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வதையும் பெரும் பித்தாகக் கொண்ட ஆர்வலர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 1998-இல் மூடப்பட்ட ஹாங்காங்கின் கை டாக் நிலையத்தில், அடுக்குமாடி வீடுகளின் கூரையை உரசுவதுபோல விமானங்கள் இறங்கும் படங்கள் அவர்களுக்கு மனப்பாடம். நம் நாட்டிலும் 2008-இல் ஐதராபாத்தின் பேகம்பேட்டை நிலையமும் பெங்களூரின் எச்.ஏ.எல். நிலையமும் வழக்கமான பயணியர் சேவையைப் புதிய நிலையங்களுக்கு விட்டுக்கொடுத்தபோது, பலர் பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள். தபால்தலை சேர்ப்பதுபோல இதுவும் ஒரு பொழுதுபோக்கு என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணத்தை மாற்றியவை படங்கள் அல்ல, அவற்றைப் பார்த்துவிட்டுச் சிலர் சொல்லத் தொடங்கிய நினைவுகள். விமானம் வந்து நிற்கும் தளத்தை அங்கு வேலை செய்வோர் 'ஏப்ரன்' என்றும் 'ரேம்ப்' என்றும் சொல்கிறார்கள். அங்கே பெட்டி ஏற்றியவர், சக்கரத்துக்குக் கட்டை வைத்தவர், இரு கைகளிலும் மட்டை பிடித்து விமானிக்கு வழிகாட்டியவர் ஆகியோர், ஒரு பழைய படத்தைக் கண்டதும், அதில் இல்லாதவற்றையெல்லாம் பேசத் தொடங்குகிறார்கள். இலக்கிய வாசகர்களாகிய நாம் காது கொடுக்க வேண்டிய இடம் அதுவே என்பது நம் எண்ணம்.

தொலைவில் எங்கும் போகாமல் நம் தூத்துக்குடியையே எடுத்துக்கொள்வோம். வாகைக்குளத்து விமான நிலையம் 1992-இல் திறக்கப்பட்டது. இடையில் பல ஆண்டுகள் விமானமின்றிக் கிடந்து, 2006-இல் மீண்டும் சென்னை விமானத்தைக் கண்டது. அதன் ஓடுபாதை ஏறத்தாழ 1,350 மீட்டர்தான். பெரிய விமானங்கள் இறங்க அது போதாது. ஆகவே சுழல்விசிறி பூட்டிய ஏடிஆர் போன்ற சிறு விமானங்களே வந்து போயின. 2025 ஜூலை 26 அன்று, சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் 17,340 சதுர மீட்டர் பரப்பில் எழுந்த புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. ஊருக்கு நல்லது, மகிழ்ச்சிதான். ஆயினும் ஒரு பேருந்து நிலையத்தின் அளவே இருந்த அந்தப் பழைய முனையமும் அதன் முன்னிருந்த சிறு தளமும் இனி நினைவில் மட்டுமே பழையபடி இருக்கும்.

அந்தத் தளத்தில் பெட்டி ஏற்றும் வேலை பார்த்த ஒருவரை, புதிய முனையம் திறந்த பின், ஒரு திருமண வீட்டுப் பந்தியில் சந்தித்தோம். ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்று விளித்துப் பேச்சுக் கொடுத்தோம். ஏடிஆர் விமானத்தில் பயணிகள் ஏறி இறங்கும் வாசல் பின்புறம் இருக்கிறது; முன்புறத்தில் ஒரு சாமான் அறை இருக்கிறது. அவர் சொன்னார்: "பின்னால கம்பு குடுக்காம முன்னால சாமான எறக்குனோம்னா வாலு தரையில குத்திரும் பாத்துக்கிடுங்க சார். ஆளுக எல்லாம் வாசப்பக்கம் கூடி நிப்பாங்கள்லா?" அவர் கம்பு என்றது, வால் தாழாதபடி அதன் அடியில் நிறுத்தும் முட்டுக்கோலை. பல கோடி ரூபாய் விமானம் நிலைகுலையாமல் நிற்பது ஒரு கம்பிலும் அதை மறவாத ஒரு மனிதரிலும் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இன்னொன்றும் சொன்னார். அந்த விமானத்தில், தரையில் நிற்கும்போது மின்சாரம் தரவென்று தனிச் சிறு எஞ்சின் கிடையாது. சில வேளைகளில் வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, அதன் விசிறியை மட்டும் தடை போட்டு நிறுத்தி வைப்பார்கள். விசிறி நிற்கிறதே என்று எஞ்சின் நின்றுவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. வேலைக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்லித் தரும் பாடம் அதுவாம். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வீசும் காற்றில் வெறும் ட்ராலி தானாகவே ஓடும் என்பதால் அதற்கும் கட்டை போடுவார்களாம். கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான். காற்று மிகுந்த நாளில், வானில் வட்டமடிக்கும் விமானம் இறங்குமா திரும்புமா என்று அண்ணாந்து பார்த்தபடி தளத்தில் நின்ற பொழுதுகளை அவர் விவரித்த விதம், நாம் வகுப்பில் நடத்தும் எத்தனையோ வருணனைகளைவிடத் தெளிவாக இருந்தது.

"அந்தக் காலத்துப் படம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா அண்ணாச்சி?" என்று கேட்டோம். இல்லை என்றார். நுழைவு அட்டையைக்கூட வேலையை விட்ட அன்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அங்கு வேலை பார்த்ததற்கு அடையாளமாக அவரிடம் இருப்பது இடுப்பு வலியும் கொஞ்சம் மந்தமாகிவிட்ட செவியும்தான்.

படம் இல்லாமைக்கு ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளுள் பதின்மூன்றாவது, எழுத்து வடிவ அனுமதியின்றி அரசு விமான நிலையங்களில் படம் எடுப்பதைத் தடுத்தது. பயணிகள் படம் எடுப்பது பிற்காலத்தில் தளர்வு பெற்றது. தளத்தில் வேலை செய்கிறவர் கைப்பேசியை எடுத்து நீட்டுவது வேறு கதை. மேலைநாட்டு ஆர்வலர்கள் வேலியோரம் நின்று பல்லாயிரம் படங்களைக் குவித்த காலத்தில், நம் நிலையங்களின் உட்புறம் பெரும்பாலும் படமாகாமலே கழிந்தது. ஆகவே நம்மிடையே நினைவு என்பது படத்துக்குத் துணைக் குறிப்பு அன்று. பல இடங்களில் அதுவே முதல் ஆவணம்.

ஆர்வலர்களிடம் நமக்கு ஒரு குறையும் உண்டு. விமானத்தின் வகை, வாலில் எழுதிய பதிவெண், வண்ணம் மாறிய ஆண்டு ஆகிய அனைத்தையும் பிழையின்றிச் சொல்லும் அவர்கள், படத்தின் ஓரத்தில் பெட்டியோடு குனிந்து நிற்கும் மனிதரைச் சட்டத்துக்கு வெளியே வெட்டிவிடுகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்வதும் முறையாகாது. வ.உ.சிதம்பரனார் 1906-இல் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் கப்பல்கள் காலியா, லாவோ என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்வார்கள். அவற்றில் மூட்டை ஏற்றியவர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் நாம் விழிக்க வேண்டியதுதான்.

வாகைக்குளம் இருக்கும் இதே மாவட்டத்தில்தான் கொற்கையும் இருக்கிறது. தாமிரபரணியின் வண்டல் படிந்து கடல் சில கிலோமீட்டர் விலகிப் போக, பெருந்துறையாக இருந்த ஊர் வயலும் வாழையுமாக மாறிவிட்டது. 1968-69-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785-ஐ ஒட்டியது என்று கணித்தார்கள். சங்கப் பாடல்களில் கொற்கை முத்து ஒளிவிடுகிறது. தாலமியும் இந்த ஊரைக் குறிப்பிடுகிறார். ஆனால் முத்து எடுத்தவர் யார் என்று கேட்டால், பெயரறியாத அயலார் ஒருவர் எழுதிய எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ், தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு எடுத்தார்கள் என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறது. அது மெய்யோ, அங்காடியில் கேட்ட பேச்சோ, மறுத்துச் சொல்லக் குளித்தவர்களின் சொல் நம் கையில் இல்லை.

முத்துக்குளிப்பிலும் ஒரு 'தளத்து வேலை' இருந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் மூழ்க, மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழிருந்து அசைவு வந்ததும் இழுக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் உயிர் போகும். மைத்துனன் கையில்தான் அந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள், தமக்கையின் தாலிக்கு அவன் காவல் என்பதால், என்று நம் கடற்கரையில் சொல்வது வழக்கம். தூத்துக்குடியின் கடைசிப் பெரும் சலாபம் 1961-இல் நடந்தது. எடுத்த சிப்பியின் கணக்கும் அரசுக்கு வந்த வருவாயின் கணக்கும் ஏடுகளில் ஏறின. கயிறு பிடித்த கைகள் அறிந்ததைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்று அன்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

முப்பத்துச் சொச்சம் ஆண்டு ஆன ஒரு விமான நிலையம் வரலாறாகுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வரலாறாகிவிட்ட பின் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள் என்பதே நம் விடை. நினைவு பிழைபடுமே என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். ஆண்டு மாறும், தாம் செய்ததைச் சற்றுப் பெரிதாக்கிச் சொல்வதும் நடக்கும். ஆண்டைச் சரிபார்க்க நாளிதழும் கால அட்டவணையும் உள்ளன. வால் குத்தாமல் கம்பு கொடுத்த பக்குவத்தை எந்த அட்டவணையிலும் தேட முடியாது. அதேபோல, இதை ஏக்கத்தோடு மட்டும் கேட்பதும் தவறு. வெயிலில் கொதிக்கும் தளம், ஒப்பந்தக் கூலி, நாளை வேலை உண்டோ என்ற ஐயம் ஆகியவையும் அந்த நினைவின் பகுதிகளே. அவற்றை நீக்கிவிட்டுப் பழமையின் அழகை மட்டும் எடுத்துக்கொள்வது, படத்தின் ஓரத்தை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

துறைமுகத்துக்கும் தோணிக்கும் ஜோ டி குரூஸ் வாய்த்தார். கப்பல் தொழிலுக்குள் இருந்தவர் எழுதியதாலேயே 2009-இல் வந்த அவருடைய 'கொற்கை' நாவலுக்கு அந்த உப்புக் கரிப்பு வந்தது. 2013-இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. விமானத் தளத்துக்கும் அப்படி ஒருவர் உள்ளிருந்தே வரலாம். அவர் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை.

தமிழ்த்துறையில் முதுகலை மாணவர்க்கு ஆண்டுதோறும் கள ஆய்வுத் தலைப்புகள் கொடுக்கிறோம். பெரும்பாலும் கோயிலும் திருவிழாவும்தான். அவற்றுள் இரண்டை மாற்றிக்கொள்ளலாம். மாணவர் ஒருவர் வாகைக்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய், தளத்தில் வேலை செய்த ஒருவரோடு ஒரு மணிநேரம் பேசி, அவர் இசைவு பெற்று ஒலிப்பதிவு செய்யட்டும். தொழிலில் வழங்கும் சொற்களை அவர் சொல்லும்படியே எழுதிக்கொள்ளட்டும். வீட்டில் எங்கேனும் ஒரு படம் இருந்தால், அதிலுள்ளவர் யார் யார் என்று கேட்டுப் பின்புறம் குறிக்கட்டும். முதல் ஆளாக யாரிடம் போவது என்று நமக்கு இப்போது தெரியும். அந்த அண்ணாச்சியின் ஊரைக் கேட்டு வைத்திருக்கிறோம்.