6 மாதம்னு சொன்னாங்க... 2 வருஷம் ஆச்சு! 7 அடி வீரரின் பாத எலும்பால் பிலடெல்பியாவில் வெடித்த சண்டை

ஒரு சின்ன எலும்பு. கையில் எடுத்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்த எலும்பு ஒட்டவில்லை என்பதற்காக அமெரிக்காவில் பிலடெல்பியா நகரமே 2 வருஷம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

எலும்புக்கு சொந்தக்காரர் ஜோயல் எம்பீட். கூடைப்பந்து வீரர். உயரம் 7 அடி. ஆப்பிரிக்காவில் உள்ள கேமரூன் நாட்டுக்காரர். தலைநகர் யவுண்டேயில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. பையன் 15 வயசுக்கு மேல்தான் கூடைப்பந்தையே ஒழுங்காகத் தொட்டார். அதுக்கு முன்னாடி வாலிபால், கால்பந்து என்று சுற்றிக்கொண்டிருந்தவர்.

அப்படிப்பட்டவர் 16 வயதில் அமெரிக்காவுக்குப் போய், 3 வருஷத்தில் கன்சாஸ் பல்கலைக்கழக அணியின் நட்சத்திரம் ஆனார். 2014-ம் ஆண்டு நடந்த என்.பி.ஏ. வீரர்கள் தேர்வில் முதல் ஆளாக இவரைத்தான் எடுப்பார்கள் என்று பேச்சு இருந்தது.

அப்போதுதான் வந்தது வினை.

முதலில் முதுகெலும்பில் விரிசல். அதை மெதுவாக சமாளித்து வந்த நேரத்தில், வலது பாதத்திலும் ஒரு எலும்பில் விரிசல் இருப்பது தெரியவந்தது. 2014-ம் ஆண்டு ஜூன் 20-ந்தேதி ஆபரேஷன். எலும்பில் 2 ஸ்க்ரூ போட்டார்கள். வீரர்கள் தேர்வுக்கு சரியாக 6 நாள்தான் பாக்கி!

"4 முதல் 6 மாதத்தில் ஆட வந்துவிடுவார்" என்று அவருடைய ஏஜென்ட் தரப்பில் சொல்லப்பட்டது.

முதல் இடத்தில் ஆண்ட்ரூ விக்கின்ஸ் போனார். இரண்டாவது ஜபாரி பார்க்கர். மூன்றாவதாக எம்பீட்டை பிலடெல்பியா செவன்ட்டி சிக்சர்ஸ் அணி எடுத்தது. எடுத்தவர் அந்த அணியின் பொது மேலாளர் சாம் ஹிங்கி. சண்டையின் இன்னொரு கதாநாயகன் இவர்தான்.

படகு எலும்பு

அது என்ன எலும்பு, ஒட்டறதுக்கு இவ்வளவு அடம் பிடிக்குது?

பாதத்தின் உள்பக்கத்தில் குழிவாக ஒரு வளைவு இருக்கிறது அல்லவா, அதன் உச்சியில், கணுக்காலுக்கு கொஞ்சம் முன்னால் இருக்கிறது அந்த எலும்பு. டாக்டர்கள் 'நேவிகுலர்' என்பார்கள். லத்தீன் மொழியில் படகு என்று அர்த்தம். பார்க்க குட்டிப் படகு மாதிரியே இருக்கும்.

செங்கல் வைத்து வளைவு கட்டுகிற கொத்தனாருக்கு இது சட்டென்று புரியும். வளைவின் நடுவில் வைக்கிற கல்தான் இரண்டு பக்கத்தையும் தாங்கும். அது நகர்ந்தால் மொத்தமும் சரியும். பாதத்தில் அந்த நடுக்கல் வேலையை செய்வது இந்தப் படகு எலும்பு. குதிக்கும்போதும், ஓடி சட்டென்று நிற்கும்போதும் உடம்பின் பாரம் இதன் மேல்தான் அழுத்துகிறது. அதுவும் 110 கிலோவுக்கு மேல் எடை உள்ள 7 அடி ஆள், ஒரே ஆட்டத்தில் எத்தனை தடவை எகிறிக் குதிக்கிறார்!

இது ஒரே அடியில் உடைவதில்லை. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் விரிசல் விடும் இல்லையா, அப்படி. சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியவும் தெரியாது. சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பிடிபடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ரத்த ஓட்டம். இந்த எலும்பின் நடுப்பகுதிக்கு ரத்தம் குறைவாகத்தான் போகிறது. விரிசல் விடுவதும் பெரும்பாலும் அதே நடுப்பகுதியில்தான். ரத்தம் போகாத இடம் எப்படி சீக்கிரம் ஒட்டும்? இதுதான் மொத்தக் கதையின் முடிச்சு. பயிற்சியாளர் கத்தினாலும், ரசிகர்கள் கத்தினாலும், டிக்கெட் விற்காவிட்டாலும் அந்த எலும்பு அவசரப்படாது.

தம்பி சாவு

ஆபரேஷன் முடிந்து 4 மாதம்கூட ஆகவில்லை. 2014 அக்டோபரில் கேமரூனில் நடந்த வாகன விபத்தில் எம்பீட்டின் தம்பி இறந்துபோனான். வயது 13. காலில் ஸ்க்ரூவோடு எம்பீட் ஊருக்கு ஓடினார். கூடைப்பந்தே வேண்டாம், ஊரோடு இருந்துவிடலாம் என்று அப்போது நினைத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

வயசு 20. ஊர் புதுசு. ஆட முடியாது. வீட்டில் துக்கம். இதை எல்லாம் கணக்கில் எடுத்தவர்கள் அன்றைக்கு ரொம்பக் குறைவு.

அந்த டிசம்பரில் வெளியூர் ஆட்டத் தொடரில் இருந்து எம்பீட்டை அணி பாதியில் ஊருக்கு அனுப்பிவிட்டது. உடற்பயிற்சி தொடர்பாக அணியின் பயிற்சி ஆட்களோடு தகராறு என்று செய்தி வந்தது. எடை ஏறிவிட்டது, சர்க்கரை பானமாகக் குடித்துத் தள்ளுகிறார், சொன்னபடி கேட்பதில்லை என்று பத்திரிகைகள் எழுதின. "பையனுக்கு அக்கறை இல்லை" என்று ஒரு கூட்டம் முடிவே கட்டிவிட்டது.

4 மாதம் போச்சு. 6 மாதம் போச்சு. 2014-15 சீசன் முழுசும் போச்சு. ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை.

மறுபடியும் கத்தி

2015 ஜூன் 13-ந்தேதி அணி ஒரு அறிக்கை விட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், இந்நேரம் ஆறியிருக்க வேண்டிய அளவுக்கு எலும்பு ஆறவில்லை என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. ரசிகர்கள் தலையில் இடி.

அடுத்த 12-வது நாளே நடந்த புதிய வீரர்கள் தேர்வில் இன்னொரு உயரமான ஆளை, ஜலீல் ஓகஃபோரை, அணி எடுத்தது. "எம்பீட் கதை முடிஞ்சுது போல" என்று பேசாத வாய் இல்லை.

ஆகஸ்டில் இரண்டாவது ஆபரேஷன். இந்தத் தடவை எலும்புத் துண்டு வைத்து ஒட்டவைக்கும் சிகிச்சை. 2015-16 சீசனும் அம்போ!

உண்மையான சண்டை வெடித்தது அப்போதுதான்.

தோற்கத்தான் மெதுவாக விட்டார்களா?

அமெரிக்க கூடைப்பந்து லீக்கில் ஒரு வினோதம் உண்டு. கடைசி இடங்களில் இருக்கிற அணிகளுக்கு, அடுத்த வருஷம் நல்ல புது வீரரை முதலில் எடுக்கும் வாய்ப்பு குலுக்கலில் அதிகம் கிடைக்கும். அதாவது நிறைய தோற்றால் நல்ல ஆள் கிடைப்பான்!

ஹிங்கியின் திட்டமே இதுதான். இப்போது தோற்போம், நல்ல இளைஞர்களாக சேர்ப்போம், பிறகு ஜெயிப்போம். இதற்கு 'பிராசஸ்' என்று பெயர் வந்தது. 2013-14-ல் 82 ஆட்டத்தில் 19 வெற்றி. அடுத்த வருஷம் 18. அதற்கடுத்த 2015-16-ல் வெறும் 10! இரண்டு சீசன் சேர்த்து தொடர்ச்சியாக 28 ஆட்டம் தோற்றார்கள். 2015 டிசம்பர் 1-ந்தேதி லேக்கர்ஸ் அணியை ஜெயித்த பிறகுதான் அந்த தோல்வித் தொடர் முடிந்தது.

இதற்கு முந்தைய வருஷமும் முழங்கால் கிழிந்த நெர்லன்ஸ் நோயல் என்ற உயரமான இளைஞரைக் கொண்டுவந்து, ஒரு சீசன் முழுக்க உட்கார வைத்திருந்தார் ஹிங்கி. எனவே சந்தேகம் வந்தது. "எம்பீட் ஆடினால் அணி ஜெயிக்கும். ஜெயித்தால் திட்டம் கெடும். அதனால்தான் மெதுவாக ஆறட்டும் என்று விடுகிறார்கள்" என்றார்கள் எதிர்ப்பாளர்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது ஆபரேஷன் அந்தப் பேச்சை உடைத்துவிடுகிறது. எலும்பு உண்மையிலேயே ஒட்டவில்லை. ஒட்டாத எலும்போடு 2014 டிசம்பரிலேயே இறக்கிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கு ஆட்கள் முன்னாலேயே சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

பில் வால்டன். 1977-ல் போர்ட்லேண்ட் அணிக்கு கோப்பை வாங்கித் தந்தவர். மறுவருஷம் லீக்கின் சிறந்த வீரர். 1978 பிளே-ஆப் ஆட்டத்தில் வலி தெரியாமல் இருக்க பாதத்தில் ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். பிறகு பார்த்தால் அதே படகு எலும்பு உடைந்திருந்தது. அடுத்த சீசன் ஆடவே இல்லை. அதன் பிறகும் பல வருஷம் பாதம் அவரைப் படுத்தி எடுத்தது. 1986-ல் பாஸ்டன் அணியில் மாற்று வீரராக வந்து இன்னொரு கோப்பை பார்த்தார் என்பது ஆறுதல்.

யாவ் மிங். சீனாவின் ஏழரை அடி நாயகன். 2008 பிப்ரவரியில் இடது பாதத்தில் விரிசல். மார்ச்சில் ஆபரேஷன். ஆகஸ்டில் சொந்த நாட்டில் பீஜிங் ஒலிம்பிக்! நாடே எதிர்பார்க்கும்போது உட்கார முடியுமா? ஆடினார். 2009 மே மாதம் அதே இடது பாதத்தில் மறுபடி விரிசல். அடுத்த சீசன் முழுக்க ஓய்வு. திரும்பி வந்து 5 ஆட்டம்தான். 2011-ல் 30 வயதில் விடைபெற்றார். ஒலிம்பிக் அவசரம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பிலடெல்பியா டாக்டர்கள் மனதில் யாவ் மிங் பெயர் ஓடாமல் இருந்திருக்காது.

ஆக, மெதுவாகப் போனது தப்பு இல்லை. தப்பு வேறு இடத்தில். "4 முதல் 6 மாதம்" என்று தேதி குறித்து சொன்னது ஒரு தப்பு. அந்தத் தேதி தாண்டிய பிறகு, என்ன நடக்கிறது என்று வாயைத் திறக்காதது அடுத்த தப்பு. டிக்கெட் வாங்குகிறவனுக்கு காரணம் சொல்லாவிட்டால் அவனே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால் எலும்பு முறிந்த மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு 2 வருஷம் ஓய்வு கிடைக்குமா? மாவுக்கட்டு பிரித்த மறுநாளே வேலைக்கு ஓடவேண்டும். எம்பீட்டுக்கு ஆடாத வருஷங்களிலும் ஆண்டுக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் வந்தது. அந்த எலும்பு ஒட்டியதில் ஸ்க்ரூவுக்கு எவ்வளவு பங்கோ, அந்த சம்பளத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

கடைசியில் வந்தார்

2016 ஏப்ரலில் ஹிங்கி 13 பக்க கடிதம் எழுதிவைத்துவிட்டு ராஜினாமா செய்தார். தான் எடுத்த பையன் ஒரு ஆட்டம் ஆடுவதைக்கூட பதவியில் இருந்து அவர் பார்க்கவில்லை.

அதே வருஷம் அக்டோபர் 26-ந்தேதி, ஆபரேஷன் முடிந்து 2 வருஷம் 4 மாதம் கழித்து, எம்பீட் களம் இறங்கினார். ஓக்லஹோமா அணிக்கு எதிராக 22 நிமிஷம். 20 பாயிண்ட். அரங்கம் அதிர்ந்தது. எந்த 'பிராசஸ்' என்ற வார்த்தையைச் சொல்லி கிண்டல் செய்தார்களோ, அதையே தனக்குப் பட்டப்பெயராக வைத்துக்கொண்டார் மனுஷன்.

நிமிஷ கணக்கு வைத்து ஆடவிட்டார்கள். அடுத்தடுத்த நாள் ஆட்டம் என்றால் ஒன்றில் ஓய்வு. அப்போதும் திட்டியவர்கள் உண்டு. ஆனால் அதே அணி 2017 ஜனவரியில் சொதப்பியது. 20-ந்தேதி எம்பீட்டுக்கு இடது முழங்காலில் அடி. 3 ஆட்டம் ஓய்வு. பிறகு 27-ந்தேதி நாடு முழுக்க டி.வி.யில் வந்த ஹூஸ்டன் ஆட்டத்தில் இறக்கிவிட்டார்கள். 32 பாயிண்ட் அடித்தார். அந்த சீசனில் அதுவே அவருடைய கடைசி ஆட்டம்! முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்ற விஷயம் பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. பாதத்துக்கு 2 வருஷம் காத்திருந்தவர்கள், முழங்காலுக்கு ஒரே ஒரு வாரம்தான் காத்திருந்தார்கள்.

31 ஆட்டத்தோடு சீசன் முடிந்தது. சராசரி 20.2 பாயிண்ட். ஆட்ட எண்ணிக்கை குறைவு என்பதால் சிறந்த புதுமுக வீரர் விருது மில்வாக்கியின் மால்கம் பிராக்டனுக்குப் போனது.

2017 அக்டோபரில் எம்பீட்டுக்கு 5 வருஷத்துக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம். ஆனால் அதில் உஷாராக ஒரு நிபந்தனை. பழைய காயங்களே மறுபடி வந்து நீண்ட நாள் ஆட முடியாமல் போனால் அணி விலகிக்கொள்ள வழி வைத்திருந்தார்கள்.

அந்த வழியைத் தேட அவசியம் வரவில்லை. 2022, 2023 இரண்டு சீசனிலும் லீக்கிலேயே அதிக பாயிண்ட் சராசரி அவருக்குத்தான். 2023-ல் லீக்கின் சிறந்த வீரர். 2024 ஜனவரி 22-ந்தேதி ஒரே ஆட்டத்தில் 70 பாயிண்ட்! அந்த ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு தங்கம்.

அவருக்கு முன்னால், நல்ல உடம்பு என்று நம்பி எடுக்கப்பட்ட ஜபாரி பார்க்கர்? 2014 டிசம்பரில் இடது முழங்கால் கிழிந்தது. 2017 பிப்ரவரியில் அதே முழங்கால் மறுபடி கிழிந்தது.

மெதுவாக விட்டால் பலன் உண்டு என்பதற்கு இன்னொரு ஆளும் இருக்கிறார். ஓக்லஹோமா அணியின் செட் ஹோம்கிரன். அவரும் 7 அடி. 2022 ஆகஸ்டில் வலது பாதத்தில் காயம். முதல் சீசன் முழுசும் உட்கார வைத்தார்கள். அடுத்த சீசனில் 82 ஆட்டத்தில் 82-ம் ஆடினார். 2025-ல் அந்த அணி கோப்பையும் வாங்கியது.

எம்பீட்டுக்குத்தான் சோதனை தீரவில்லை. 2024 பிப்ரவரியில் இடது முழங்காலில் ஆபரேஷன். 2024-25 சீசனில் 19 ஆட்டம் மட்டுமே ஆடினார். 2025 பிப்ரவரி 28-ந்தேதி "இந்த சீசனுக்கு அவ்வளவுதான்" என்று அணி அறிவித்தது. ஏப்ரலில் மறுபடியும் முழங்கால் ஆபரேஷன்.

பிலடெல்பியா ரசிகர்கள் மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். எப்ப வருவார்? இந்தத் தடவை அணி தேதி எதுவும் சொல்லவில்லை. ஆறு வாரம் கழித்து பரிசோதனை செய்து பார்ப்போம் என்பதோடு நிறுத்திக்கொண்டது.