லித்தியம் சாப்பிடுபவருக்கு ஒரு செவிலியர்

இருமுனை மனநோய் உள்ளவர் வருடத்தின் பெரும்பாலான நாட்களை வீட்டிலும் வேலையிலும்தான் கழிக்கிறார். நம் சிகிச்சை ஏற்பாடோ அவர் மருத்துவர் முன் உட்காரும் சில நிமிடங்களை மட்டுமே நம்பியிருக்கிறது. சீட்டு எழுதியாகிறது, அடுத்த மாதம் வரச் சொல்லியாகிறது. நடுவில் உள்ள நாட்களுக்கு யார் பொறுப்பு? அந்தப் பொறுப்பை, அதற்குரிய அதிகாரத்தோடு, செவிலியரிடம் அரசு ஒப்படைக்க வேண்டும்.

ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் லித்தியத்தின் பயனை எழுதினார். இன்றும் இந்நோய்க்கான முதன்மை மருந்துகளுள் அது ஒன்று, விலையும் குறைவு. ஆனால் அது மருந்தாக இருக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. நீண்டகாலம் சாப்பிடுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லி ஈக்விவலன்ட் வரை இருப்பது வழக்கம், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், நாக்குழறல், தள்ளாட்டம் எல்லாம் வரும். தள்ளாடுபவரைக் குடித்திருக்கிறார் என்று ஒதுக்கிவிடவும் நம் ஊரில் ஆள் உண்டு. கத்திரி வெயிலில் நீர்ச்சத்து குறைந்தாலே அளவு ஏறும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்கும் ஏற்றும். பிரஷருக்குப் பயந்து உப்பைத் திடீரென நிறுத்தினாலும் ஏறும். "வலிக்கு ஏதாவது மாத்திரை போட்டீங்களா? தண்ணி ஒழுங்கா குடிக்கிறீங்களா?" என்று கேட்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். பரிசோதனையிலும் கவனம் வேண்டும்: கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்தே இரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தவரிடம் எடுத்த முடிவை நம்ப முடியாது.

தூக்கத்தையும் இப்படி ஒருவர் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். மேனியா எனப்படும் மிகையெழுச்சி நிலை முற்றுவதற்கு முன் பலருக்குத் தூக்கம் குறைகிறது; களைப்போ தெரிவதில்லை. "பிள்ளை சுறுசுறுப்பாயிட்டான்" என்று குடும்பம் மகிழ்கிற அந்த நாட்களில்தான் தடுக்க வாய்ப்பு அதிகம். கடன் வாங்கி, வேலையை உதறி, போலீஸோடு வார்டுக்கு வந்த பிறகு செலவும் அவமானமும் பல மடங்கு.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்நோய் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை என்றது. மனநல மருத்துவர்களை மட்டும் வைத்து இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. சட்டமும் குறுக்கே நிற்கவில்லை: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பொதுச் செவிலியர் படிப்பு முடித்துப் பதிவு செய்தவரையும் மனநலச் செவிலியர் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது.

பிரசவம், தடுப்பூசி, பதிவேடு என்று ஏற்கெனவே முதுகொடியும் செவிலியர் தலையில் இதையும் கட்டுவதா? அந்தக் கேள்வி நியாயமானது. ஆகவே தனிப் பணியிடம் வேண்டும், அதுவும் தொகுப்பூதியத்தில் அல்ல. ஒருவர் இயல்பாக எப்படிப் பேசுவார் என்று அறிந்தவருக்கே அந்தப் பேச்சு வேகமெடுப்பது புரியும். அடிக்கடி ஆள் மாறினால் அந்தப் பழக்கம் எங்கே வரும்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்து, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் லித்தியம் அளவை இலவசமாகப் பார்க்க ஏற்பாடு வேண்டும். நச்சு அறிகுறி தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரை உடனே அழைக்கும் அதிகாரத்தைச் செவிலியருக்கு அரசாணையாகவே தர வேண்டும். அதற்கான பணியிடங்களுக்கு வரும் நிதிநிலை அறிக்கையிலேயே பணம் ஒதுக்கட்டும்.